சிகரெட் தாள்

சஸ்கட்டூன். ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
வயோலாவுக்கு முன்சீட்டும் ஹீட்டரும்.
எனக்கு அதன் மிச்சம்.

லூதரன் தேவாலயத்தின் பின்கதவு
உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.
மென்னோ ஃப்ரீசன் செல்லோவைச் சுவரில் சாய்த்துவிட்டுத்
தோளால் இடித்துத் திறந்தார்.

இன்று ஓபோ. டரீனா ஹ்னாட்யுக்.
பின்னால் நாங்கள் பதினொரு பேர், கம்பியும் வில்லுமாக.
எழுதி முந்நூறு வருடம் இருக்கும்.
எழுதியவர் என்று இரண்டு பெயர் சொல்கிறார்கள்.
இரண்டு பேருமே டிக்கெட் வாங்கவில்லை.

கறுப்பு மரக்குழல். நுனியில் நூல் சுற்றிய சீவாளி:
இரண்டு இலை, நடுவில் ஒரு மயிரிழை.
அந்த இழை வழியாகத்தான் எல்லாம் போகவேண்டும்.
மூச்சு போதாமல் அல்ல, டரீனா ஒருமுறை சொன்னாள்,
மிஞ்சிப்போய்த்தான் இதில் திணறுவோம்.
பழைய காற்றைத் தள்ளிவிட்டுத்தான்
புதியதை எடுக்கலாம்.
இரண்டுக்கும் சேர்த்து ஒரு கண்ணிமை நேரம்.

இரண்டாம் பகுதி. மெதுவானது.
என் தாளில் இருப்பது ஒரே சுரம்.
மறுபடி அதே சுரம். மறுபடி.
சில கட்டுகளுக்கு ஒருமுறை அரைப்படி இறங்கும்,
எனக்கு அதுவே பெரிய நிகழ்ச்சி.
இரவில் நகராட்சிப் பனிவண்டி ஓட்டுகிற எனக்கு
இது பழக்கம்தான்:
எட்டாம் தெரு, போய்த் திரும்பி, போய்த் திரும்பி,
வழித்த இடத்திலேயே விழுந்துகொண்டிருக்கும்.

பத்தொன்பதாம் கட்டில் மேல்சுரம் களகளத்தது,
வாய் கொப்பளிப்பது போல.
மூச்சு குளிர்ந்து நீராகிச்
சாவித்துளைக்குள் இறங்கிவிட்டது.
குழலை உதட்டிலிருந்து எடுத்தாள்.

யாரும் எங்களை நிறுத்தச் சொல்லவில்லை.
ஆறு தட்டு. ஆறு தட்டு.
மேலே ஒன்றும் இல்லை.
பந்தலைப் பிரித்துக்கொண்டு போன பிறகும்
நிற்கிற மூங்கில் கால்கள் நாங்கள்.
முன்வரிசையில் ஒருவர் இருமலை விழுங்கியது கேட்டது.
சுவருக்குள் வெந்நீர்க் குழாய் இருமுறை தட்டியது,
எங்கள் தாளத்தில் அல்ல.
மென்னோவின் அடிச்சுரம் இறங்கிப் போகிற வழி
மூன்று மாத ஒத்திகையில் காதில் விழாதது
இப்போது விழுந்தது.
அவர் ஒவ்வொரு படி இறங்கும்போதும்
என் ஒற்றைச் சுரம், விரலை நான் அசைக்காமலே,
வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது.

டரீனா பையிலிருந்து
சிகரெட் சுற்றும் தாள் ஒன்றை உருவினாள்,
சாவிக்கு அடியில் செருகி, அமுக்கி, இழுத்தாள்.
கையில் அவசரமே இல்லை.
(அவள் புகைத்ததே கிடையாது.
பெட்ரோல் பங்க் பையன் ஒவ்வொரு முறையும்
தீப்பெட்டி வேண்டுமா என்பான்.)

பிறகு மூச்சை விட்டாள்.
எடுக்கவில்லை, விட்டாள். எல்லோருக்கும் கேட்டது.
பிறகுதான் எடுத்தாள்.
இருபத்து மூன்றாம் கட்டில், நடுவிலிருந்தே,
எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தவளின் குரலில் வந்தாள்.

விட்டுப்போன நான்கு கட்டுகளைப் பற்றி
கேக் வைத்த மேசையருகே யாரும் பேசவில்லை.
மென்னோ மட்டும் இரண்டாவது துண்டு எடுத்தார்.

பதினொரு மணிக்கு ஷிஃப்ட்.
பனிவண்டிப் படியில் பூட்ஸைத் தட்டினால்
அடியில் ஒட்டியிருக்கிறது அந்தத் தாள்,
நடுவில் மிளகளவு நீர்க்கறை.
முன்கண்ணாடியில் ஒட்டி வைத்தேன்.
எட்டாம் தெருவில் திரும்புவதற்குள்
காய்ந்து மடியில் விழுந்தது.
கறை எந்த இடத்தில் இருந்ததென்று
தெரு விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.