குறுக்குக் கோடு

சலவை அறையில் பதினொரு பேர்.
உலர்த்தும் இயந்திரம் ஒன்றுக்குள்
யாருடையதோ ஒரு பொத்தான்
கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.
ஸ்கார்பரோ, எக்ளிண்டன் கிழக்கு, மாசிப் பனி.
வாசற்படியில் உப்புத் தூவ
நிர்வாகத்துக்கு இன்னும் மனம் வரவில்லை.

பிடிபடத் தயாரானவர்கள் யார் என்று நவோமி கேட்டாள்,
தேத்தண்ணி யாருக்கு என்று கேட்பதுபோல.
குடியுரிமை இல்லாதவர்கள் கை தூக்கவேண்டாம்,
நீங்கள் கோப்பி கொண்டுவாருங்கள், படம் எடுங்கள்.
சோதனை எழுதிவிட்டுக் காத்திருக்கும் தயாபரன்
கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார்.
நான் தூக்கினேன்.
பாதி தூக்கியபோதுதான் நினைவு வந்தது,
நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்,
வருடா வருடம் பொலிஸ் சான்று கேட்பார்கள்.
இறக்கினால் தலை சொறிந்ததாக நினைத்திருப்பார்கள்.
இறக்கவில்லை.

செல்மா, நான்காம் மாடி, கயானாக்காரி.
மிதுராவுக்கு அம்மை போட்டபோது
பதின்மூன்று நாள் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவள்.
அவளுக்கு வாடகை பாக்கி மூன்று மாதம்.
லிஃப்ட் ஓடாமல் பதினாலு மாதம்,
அதற்காக யாரையும் வெளியே போடவில்லை.

கைபேசி வேண்டாம். சங்கிலி, தோடு வேண்டாம்.
இன்சுலினை அதன் பெட்டியோடு எடுங்கள்.
சாப்பிட்டுவிட்டு வாருங்கள், எப்போது விடுவார்களோ.
பெயர் சொல்லலாம், விலாசம் சொல்லலாம்,
மிச்சத்துக்கெல்லாம் ஒரே வசனம்:
வக்கீலோடு பேசவேண்டும்.
ஒரு பொலிஸ்காரர் அன்பாகக் குளிரைப் பற்றிக் கேட்பார்.
குளிருக்கும் அதே வசனம்.
இழுத்தால் திமிறாதீர்கள்,
உடம்பை ஈரத்துணிபோல் விடுங்கள்.

ஒத்திகைக்கு யாராவது பொலிஸாக வேண்டும் என்றாள்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் எழுந்தேன்.

மூன்றாம் மாடி ஒமிட், மெலிந்த பையன்,
சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தான்.
என் இடக்கை அவன் பின்கொலருக்குள் போனது.
ஒரு திருகு.
முழங்கால், நான் சொல்லாமலே,
அவன் முதுகெலும்பில் போய் நின்றது.
அடையாள அட்டை எங்கே என்று கேட்டேன்.
சிங்களத்தில்.

இயந்திரம் நின்றிருந்தது.
அந்தப் பொத்தானும் எங்கோ அடங்கிவிட்டது.

தாண்டிக்குளத்தில், எனக்குப் பத்தொன்பது வயதில்,
ஒரு கை என் கழுத்துக்குச் சொன்னதை
என் கை எப்போது பாடமாக்கியது?
நவோமி தண்ணீர் தந்தாள். நன்றாகச் செய்தீர்கள் என்றாள்,
சொன்ன வாயை உடனே மூடிக்கொண்டாள்.
ஒமிட்டின் கொலரை நீவி நீவி விட்டேன்.
போதும் அன்ரி, என்றான்.

இரவு, குசினி மேசை.
மிதுராவின் பென்சில் பெட்டியிலிருந்து கறுப்பு மார்க்கர்.
என் முன்கையில் வக்கீலின் இலக்கத்தைத்
தயாபரன் எழுதினார். கூசியது.
நான்கு, ஒன்று, ஆறு...
ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார் எப்போதும்,
ஒன்றென்று வாசித்துவிடாதபடி.
எழுதி முடித்தபிறகும் கையை விடவில்லை.
தம்பியைக் கொண்டுபோன அன்று
கூப்பிட ஒரு இலக்கம் இருக்கவில்லை, என்றார்.
மார்க்கரை மூடினார்.
புட்டும் பருப்பும் குளிர்ப்பெட்டியில் என்று
மகளுக்கு ஒரு தாள் எழுதி ஒட்டினேன்.
இரவு வராவிட்டாலும் வருவேன் என்று கீழே சேர்த்தேன்.

விடியமுன் எழுந்து பார்த்தால்
கோப்பிக்காரர் வாசற்படியில் உப்புத் தூவிக்கொண்டிருக்கிறார்.
வருகிறவன் விழுந்தால்
அதையும் எங்கள் கணக்கில் எழுதுவார்கள், என்றார்.

எட்டு நாற்பதுக்கு ஷெரிஃபின் ஆள் வந்தாள்.
பெரிய சப்பாத்து, சளி பிடித்த குரல்.
செல்மாவின் கதவுவரை நடைவழியை நிறைத்து நாங்கள்,
பதினொரு பேர் முப்பதாகியிருந்தோம்,
உள்ளே செல்மா எதையோ பொரிக்கும் வாசனை.
அவள் எண்ணினாள். கைபேசியில் யாரோடோ பேசினாள்.
புதுத் திகதி, வருகிற வியாழன், என்று
தாளைக் கதவில் ஒட்டிவிட்டு
நான்கு மாடியும் இறங்கிப் போனாள்.
யாரும் கைதட்டவில்லை. எனக்குக் கால் விறைத்திருந்தது.

காலை ஓட்டத்துக்குத்தான் லீவு.
பின்னேரம் பஸ்ஸை எடுத்தேன்.
ஏறும்போது ரெய்லன், ஏழு வயது, முன்பல் இல்லாதவன்,
என் கையைப் பிடித்து இலக்கத்தை உரக்க வாசித்தான்.
இதில் அடித்தால் யார் எடுப்பார்கள்?
உட்கார், பெல்ட் போடு, என்றேன்.

ஏழை ஒன்றென்று வாசித்துவிட்டான்.
வியாழனுக்கு முன் தயாபரனிடம் சொல்லவேண்டும்,
அந்தக் கோட்டை
இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடச்சொல்லி.