கயிற்றின் மறுமுனை

பதினோரு வருடமாக நான் பார்த்துவருவது
உள்ளங்கால்களை.
வெடித்த குதிகால், புதுச் சாயம் பூசிய நகம்,
அரை மணிக்கு முன் ஒட்டிய பிளாஸ்திரி.
என் தலைக்கு மேல் கிளம்பி
சுண்டைக்காயாகி, கடுகாகி,
கடைசியில் குடை மட்டும் மிஞ்சும்.
முகம் எனக்கு நினைவில் நிற்பதில்லை.

முந்நூறு அடிக்கு அறுபது டாலர்.
ஐந்நூறுக்கு எண்பது.
இறங்கும்போது கால் நனைக்கலாமா என்று கேட்போம்,
வேண்டாம் என்பவர்களையும் கொஞ்சம் நனைப்போம்.

இன்று கப்பல் நாள்.
துறைமுகத்தில் ஒரு வெள்ளை அடுக்குமாடி வந்து நின்றால்
கிராண்ட் ஆன்ஸ் கரையில்
எங்களுக்குத் தண்ணீர் குடிக்க நேரமிருக்காது.
ஜெட் ஸ்கீக்கு ஒரு வரிசை.
முகமூடிக்கும் துடுப்புச் செருப்புக்கும் ஒரு வரிசை.
வாழைப்பழப் படகு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போய்
ஆறு பேரையும் கொட்டிவிட்டு,
எண்ணிப் பொறுக்கிக்கொண்டு திரும்புகிறது.

அதில் விழுந்த ஒருவர்,
காலையில் குடித்த ரம் பஞ்சு முழுவதையும்
கடலுக்கே கொடுத்துவிட்டு
எங்கள் பெஞ்சில் நீட்டிப் படுத்துவிட்டார்.
இருவருக்குப் பணம் கட்டியாயிற்று.
திருப்பித் தருவதில்லை என்று பலகையில் இருக்கிறது.
மனைவி மட்டும் போனால் எடை போதாது,
காற்று தன் இஷ்டத்துக்குக் கொண்டுபோகும்.
தியோஃபிலஸ் சுக்கானிலிருந்து திரும்பாமலே சொன்னார்:
நீ ஏறு.

நானா?
உருளையை யார் பார்ப்பது?
கெல்லன் பார்ப்பான்.

கெல்லன் வேலைக்கு வந்து ஒன்பது நாள்.

வார் இறுகியது. பலகை காலைவிட்டு நழுவியது.
முதலில் எஞ்சின் சத்தம் போனது,
பிறகு ரேடியோவின் சோக்கா,
பிறகு கடலே வாயை மூடிக்கொண்டது.
அந்த அம்மாள் கத்தவில்லை.
எவ்வளவு அழகு பாருங்கள் என்றார்.
நான் கெல்லனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்புறம் கயிற்றை.
மூன்றாவது சிவப்புக் குறிக்குப் பக்கத்தில்
லேசாகப் பிசிர் விட்டிருந்தது.
அறுபது டாலர் கொடுத்தவரிடம்
சொல்லும் சேதியா அது?
அழகுதான் என்றேன்.

படகு வளைந்தது, நாங்களும் வளைந்தோம்.
பவளத்திட்டு ஒரு பழைய காயத் தழும்பு போலக் கிடந்தது.
கைக்குட்டை அளவில் ஓர் ஆமை.
ஓட்டல் வேலிகள், நீச்சல் குளங்கள்
(கடலுக்குப் பத்தடியில் எதற்குக் குளம்?),
அவற்றுக்குப் பின்னால் சாலை, மேடு,
மேட்டில் ஒரு நீலச் சதுரம்.

என் வீடு.

போன புயலுக்குப் போட்ட தார்ப்பாய்.
இந்த ஞாயிறு, இந்த ஞாயிறு என்று
நான்கு மாதமாக நான் வாக்குக் கொடுத்துவரும் கூரை.
அதன்மேல் மஞ்சளாக ஏதோ அசைந்தது.
துணி காய்கிறது என்றுதான் நினைத்தேன்.
பிறகு அதற்கு ஒரு கை முளைத்தது.
கை ஓங்கியது, இறங்கியது, ஓங்கியது.
ஷெர்மெய்ன்.
நான் இரவல் கேட்கப்போவதாகச் சொன்ன ஏணி
சுவரில் சாய்ந்திருந்தது.
தகரத்தில் ஒரு பாதி வெயில்பட்டு மின்னியது.
ஒரு நாளில் முடிகிற வேலையா அது?
எத்தனை நாளாக ஏறுகிறாள்?

கையை வீசினேன்.
அவள் நிமிரவில்லை.
இந்த வானத்தில் அரை மணிக்கொரு குடை போகிறது,
அதில் தொங்குகிறவர்களை
யார் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள்?

தெரிந்தவர்களா? என்றார் அந்த அம்மாள்.
பக்கத்து வீடு என்றேன்.
நல்ல உழைப்பாளி என்றார்.

கெல்லன் இழுத்தான்.
ஒரே சீராக, என்னைவிடச் சீராக.
கேட்காமலே முழங்கால்வரை நனைத்துவிட்டுச் சிரித்தான்.
அண்ணே, உங்கள் குதிகால்
இவ்வளவு மோசமாக வெடித்திருக்கிறதே!

மூன்றாவது குறியில் கயிறு பிசிர்விட்டிருக்கிறது என்றேன்.
தியோஃபிலஸ் தலையாட்டினார்.
நாலு மணிக்கு நான் போகவேண்டும் என்றேன்.
கப்பல் நாளிலா?

அடுத்த ஜோடி
செருப்பைக் கழற்றத் தொடங்கியிருந்தது.