ஒரு தட்டு காலி

இன்னாசியின் 'ஒத்த டிக்கெட்டு' வெளிவந்து
இன்றோடு பதினோரு நாள்.
முதுநகரில் அதைப் பற்றிப் பேசாத வாய்
மீன் வாய் மட்டும்தான்.

ஐஸ் பேக்டரி கணக்கர் சொல்கிறார்:
நாலு பேரா இருந்தப்ப சண்டை மாதிரி இருந்துச்சு.
இப்ப புகார் மனு மாதிரி இருக்கு.

மஞ்சக்குப்பம் சலூனில் மூன்றாம் பாட்டை மட்டும்
திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள்.
பாதி மழித்த முகத்தோடு ஒருவர்
'சிப்காட்டு நாத்தத்த இவ்வளவு கிட்டக்க
எவனும் சொன்னதில்ல' என்றார்.
கத்தி நின்றது.
நாத்தம்னு ஒரு வார்த்தை வருதா, சொல்லுங்க?
அழுகின கொய்யான்னுதானே வருது.
அங்க இருக்கு சார் வேலை.

தேவனாம்பட்டினம் கல்லூரிப் பையன்கள் இரண்டு கட்சி.
ஒரு கட்சிக்கு அவன் வளர்ந்துவிட்டான்.
மறு கட்சிக்கு அவன் சென்னைக்குப் போய்விட்டான்.
இரண்டு கட்சியும் ஒரே குரலில்தான் கத்துகிறது.

இன்னாசியின் அக்கா, பெரியாஸ்பத்திரி நைட் டூட்டி,
ஒரே வரியில் முடித்துக்கொண்டாள்:
அம்மாவுக்குப் பாட்டு போட்டிருக்கான்,
அம்மா போனுக்கு ரீசார்ஜ் போடல.

சாதிக்தான் எங்கள் நாலு பேருக்கும் தாளம் செய்தவன்.
முழுக்கக் கேட்டான். ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.
'மிக்ஸிங் சுத்தமா இருக்கு.'
புது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு
பெயின்ட் நல்லா இருக்கு என்பார்களே, அது.

தேசிங்கு கேட்கவே மாட்டேன் என்கிறான்.
பைபாஸ் கடையில் டயருக்குக் காற்றடிக்கும்போது
அவன் உதட்டில் ஓடுவது
ஐந்தாம் பாட்டின் இரண்டாம் பத்தி.

அப்புறம் அந்த வார இதழ்.
பேர் தெரிந்த விமர்சகர், அரைப் பக்கம்.
சொல்வளம் உண்டாம், கோபம் உண்டாம்.
ஆனால் 'ஏழாம் பாடலில்
ஒவ்வொரு வரி முடிவிலும் தடுமாறுகிறார்.
மூச்சு போதவில்லை.
தனியாக ஓட இன்னும் பழக வேண்டும்.'

மூன்று முறை படித்தேன்.
மூன்றாவது முறை கெடிலம் பாலத்தில்,
பஸ் நின்று நின்று போனபோது.

நான் யார் என்று சொல்லவில்லை.
'நாலாம் கேட்' குழுவின் நாலாவது ஆள்.
போஸ்டரில் ஒரு காதும் பாதித் தோளும் தெரியும்.
எனக்கென்று வரி கிடையாது.
அவன் முடிக்கிற இடத்தில்
கடைசிச் சொல்லை மட்டும் நானும் சொல்வேன்.
உப்பு என்பான். உப்பு.
கடன் என்பான். கடன்.
ஆறு வருஷம் அதுதான் என் தொழில்.
'எதிரொலிக்கெல்லாம் சம்பளமாப்பா?'
என்று நெல்லிக்குப்பம் மண்டபத்துக்காரர் சிரித்த அன்று
தன் பங்கில் பாதியை எண்ணி
என் பையில் திணித்தவன் இன்னாசி.

ஏழாம் பாட்டில் அவன் தடுமாறவில்லை.
ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு தட்டு
காலியாகக் கிடக்கிறது,
ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுப்
பிடித்துவைத்த சீட் மாதிரி.

அல்லது எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதோ.
அவனுக்குச் சின்னதிலிருந்தே இளைப்பு உண்டு.
மார்கழி நிகழ்ச்சி என்றால்
மேடைக்குப் பின்னால் போய்
குழாயை உறிஞ்சிவிட்டுத்தான் வருவான்.
விமர்சகர் எழுதியது சரியாகவும் இருக்கலாம்.

போன் போட்டுக் கேட்டுவிடலாம்.
கேட்டால் அவன் எதையாவது சொல்லிவிடுவான்.

நேற்று ராத்திரி துறைமுகத்தில்
லோடு ஏறி முடிந்த லாரியில்
கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏழாம் பாட்டைப் போட்டேன்.
முதல் வரி. தட்டு.
தொண்டை வரை வந்ததை விட்டுவிட்டேன்.
இரண்டாம் வரி.
கிளீனர் ராயப்பன், போன மாதம் சேர்ந்தவன்,
டேஷ்போர்டில் கால் நீட்டியபடி,
பல் குத்திக்கொண்டே,
அந்தக் காலி இடத்தில்
கடைசிச் சொல்லைச் சொன்னான்.

மூன்றாவது வரிக்கு நானும் வாய் திறந்தேன்.
அவன் முந்திக்கொண்டான்.