தொங்கும் 'இல்லையேல்'

வேலந்தாவளம் தாண்டி இருநூறு அடியில் கல்லூரி.
லேபில் மூன்றாம் வரிசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால்
போனில் மாநிலம் மாறும்;
நாற்காலியை நகர்த்திய பாவத்துக்கு
நல்வரவு சொல்லி ஒரு மெசேஜ்.

போன மே விடுமுறையில் நான் எழுதிய பக்கம் அது.
இடது பெட்டியில் இலக்கணம் போட்டால்
வலப்பக்கம் மரம் வளரும், தலைகீழாக,
வேர் மேலே, இலை கீழே.
ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று கேட்கும்:
தள்ளவா, சுருக்கவா?
தப்பாக அமுக்கினால் திட்டாது.
கிளையைச் சிவப்பாக்கிவிட்டுக் காத்திருக்கும்.

சாக்பீஸால் நான் வரைந்த வருஷங்களில்
கம்பைலர் என்பது பதினாறு மார்க் கேள்வி.
இப்போது பிரஜீஷ் கூட, ஆஜர் சொல்லவே கூச்சப்படுகிறவன்,
அடுக்கைப் பார்த்து
"வெக்கு, வெக்கு, எடுக்கு" என்கிறான்
தக்காளி ஏலத்தில் நிற்கிறவன் மாதிரி.

ஷமீனாவுக்குக் கடைசி மேசை.
நான் கொடுத்த இலக்கணத்தை அழித்துத்
தன்னுடையதைப் போட்டு, கீழே ஒரு வரி அடித்தாள்:

பஸ் வந்தால் மழை நின்றால் போவேன் இல்லையேல் இருப்பேன்

பக்கம் கொஞ்சம் திணறி
ஒன்றுக்கு இரண்டு மரம் வரைந்தது.
ஒன்றில் 'இல்லையேல்' மழையில் தொங்கியது.
மற்றதில் பஸ்ஸில்.
அதைத்தான் மங்கலாக்கியது.

"ஏன் மிஸ்?"
விதி இருக்கிறது என்றேன்.
கிட்டத்தில் எந்த 'ஆல்' உண்டோ
அதற்கே சொந்தம்.
"அப்படின்னா பஸ்ஸே வரலைன்னா
நான் என்ன செய்யணும்னு இதுல இல்லையே."
இல்லைதான்.
"விதி யார் போட்டது?"
மொழியைச் செய்தவர்கள்.
"அவங்க எந்த ஊர் பஸ்ஸுக்கு நின்னாங்க?"

வகுப்பு சிரித்தது. நானும்.
பெல் அடித்ததால் தப்பித்தேன்.

நாலே முக்காலுக்கு
பஸ்ஸும் வரவில்லை, மழையும் விடவில்லை.
கேட்டோரம் பையைத் தலையில் பிடித்து நின்றாள்.
மார்க்கெட்டிலிருந்து காலி கிரேட்டுகளோடு
ஒரு கூட்ஸ் ஆட்டோ வந்தது.
டிரைவரின் மனைவி நகர்ந்து இடம் கொடுத்தாள்.
ஏறிவிட்டாள்.

அவள் இலக்கணத்தில் ஆட்டோவே இல்லை.

வீட்டுக்கு வந்து கோடைத் திறந்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டாவது வரி:
கிட்டத்தையே எடு.
மே மாதம், ராத்திரி ரெண்டு மணிக்கு,
யாரையும் கேட்காமல் நான் அடித்தது.
அழிக்கவில்லை இன்னும்.
திங்கட்கிழமை உள்தேர்வு,
விடைத்தாளில் ஒரு மரத்துக்குத்தான் இடம்.