பீரங்கியோடு அறுநூற்றைம்பது

நாள் முழுக்க எழுநூறு என்றாள்.
ஐந்நூற்றைம்பது என்றார் மஹதோ.
பேட்டரி வண்டியின் முன்கண்ணாடியை முந்தானையால் துடைத்தபடி
"சரி, பீரங்கியைக் கழித்துக்கொள்கிறேன்" என்றாள் ஜோத்ஸ்னாரா.
பீரங்கியோடு அறுநூற்றைம்பதுக்கு முடிந்தது.

ராஞ்சியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள் நாங்கள்.
பெர்ஹாம்பூர் கிளையின் கணக்கு
நம்ப முடியாதபடி ஒரு நாள் முன்னதாகவே ஒத்துப்போக
கையில் மிஞ்சியது ஒரு வியாழக்கிழமை,
பக்கத்தில் முர்ஷிதாபாத்.

கட்ரா மசூதி.
படிக்கட்டுக்கு அடியில் ஒரு நவாப் படுத்திருக்கிறார்.
தொழ வருகிறவர்களின் கால்தூசி
தன்மேல் விழட்டும் என்று அவரே கேட்டுக்கொண்டாராம்.
"தயங்காதீர்கள், மிதிபடத்தானே படுத்தார்."
பினிதா எக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
பக்கவாட்டில் ஏறப் பார்த்தாள்.
பக்கவாட்டில் வழி இல்லை.

பீரங்கியை ஒரு காலத்தில்
அரசமரம் ஒன்று வேரால் தூக்கி வைத்திருந்ததாம்.
மரம் எங்கே?
"ஐம்பது குறைத்தீர்களே, அதில் போய்விட்டது."
மஹதோ அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

அவள் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.
"லிஸ்ட்டில் பேர் இல்லையா? நன்றாகப் பார்த்தாயா?
ஆஷாட மாசமே கொடுத்தாயிற்று என்று சொல்லு."
பிறகு, குரலில் ஒரு மடிப்பும் விழாமல்,
"அவருக்குப் பின் மருமகன் பட்டத்துக்கு வந்தார்."

ஹஸார்துவாரி: ஆயிரம் வாசல்.
அதில் நூறு பொய்.
துரத்தப்படுகிறவன் முட்டிக்கொண்டு நிற்பதற்காக.
தணிக்கைக் கை சும்மா இருக்குமா,
ஒரு சுவரை மட்டும் எண்ணத் தொடங்கினேன்;
காவலாளி தொடாதே என்றான்.
உள்ளே ஒரு கண்ணாடி.
அதில் நம் முகம் நமக்குத் தெரியாது,
பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியும்.
மஹதோவைப் பார்த்தேன், பினிதாவைப் பார்த்தேன்,
ஓரத்தில் கொட்டாவி விடும் ஜோத்ஸ்னாராவைப் பார்த்தேன்.
அவர்களும் என்னைப் பார்த்திருப்பார்கள்.
எப்படி இருந்தேன் என்று யாரும் சொல்லவில்லை.

மதியம் சோறு, கசகசா போட்ட உருளைக்கிழங்கு,
கரிபோல் கறுத்த சானாபொரா ஆளுக்கொன்று.
தன்னுடையதை அவள் காகிதத்தில் சுருட்டி
ஸீட்டுக்கு அடியில் வைத்தாள்.

மூன்று மணி. பாகீரதி.
அக்கரையில் குஷ்பாக், தோட்டத்துக்குள் கல்லறைகள்.
"ஏறுங்கள். அங்கே நசிபுல் நிற்பான், சிவப்புத் துண்டு.
அவனுக்குக் காசு தரவேண்டாம், என் கணக்கு."
நீங்கள்?
"வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன்."
வண்டியைப் படித்துறையிலிருந்து வெகு தூரத்தில்
வெயிலில் நிறுத்தியிருந்தாள்.
மரநிழல் முழுக்க ஆற்றோரம்தான் இருந்தது.

படகுக்காரன் நடு ஆற்றில் சொன்னான்:
ஷம்ஷேர்கஞ்ச் பக்கத்துப் பெண்.
மூங்கில்கழியைத் தூக்கி
கேக் வெட்டுவதுபோல் கரையைக் காற்றில் வெட்டிக் காட்டினான்.
பிறகு கழியைத் தண்ணீரில் இறக்கினான்.

நசிபுல் வருடங்களைச் சரியாகத்தான் ஒப்பித்தான்.
ரோஜா பூத்திருந்தது.
எதையும் நான் கேட்கவில்லை.

திரும்பியபோது விளக்கேற்றும் நேரம்.
மஹதோ எண்ணிக் கொடுத்தார், அறுநூற்றைம்பது, ஒரு ரூபாய் கூடவுமில்லை.
கொடுத்துவிட்டு,
"மனுவின் நகல் இருக்கிறதா?" என்றார்.
வண்டியின் முகப்பு வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
முப்பது வருடமாகப் பிறர் தாள்களைப் படித்தவர் படித்தார்.
"ஆறாம் கலத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள்.
வீடு பகுதி சேதமா, முழுச் சேதமா?"
"வீடு இல்லை. வீடு இருந்த இடமும் இல்லை."
"அதற்குக் கட்டம் இல்லை. முழுச் சேதம் என்று போடுங்கள்.
இங்கே கிராமத்தின் பெயர்."
"அதுவும்..."
"இருந்தாலும் எழுத வேண்டும்."

என் பேனாவை வாங்கி எழுதினாள்.
நீளமான பெயர்; கோட்டைத் தாண்டி ஓரத்தில் ஏறியது.

ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.
"வழியில் துரோகியின் வாசல் ஒன்று இருக்கிறது,
காசு வேண்டாம், வண்டியிலிருந்தே பார்க்கலாம்."
வண்டியிலிருந்தே பார்த்தோம்.
இருட்டு.
வளைவு தெரிந்த மாதிரி இருந்தது.
கதவு இருந்ததா என்று தெரியவில்லை.