கிழக்கே இருபத்தெட்டு பாகை

பிப்ரவரியில் ஒரே நாளில்
முப்பத்தேழு அழைப்புகள்.
"எவாரிஸ்டோ, செய்தி வரவில்லை."
"எவாரிஸ்டோ, ஸ்னூக்கர் பாதியில் நின்றுவிட்டது."
பதினாறு வருடத்தில் ஒருவர்கூட
என் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை.
அன்று எல்லோரும் சொன்னார்கள்.

அல்மேரியாவின் இந்தக் காய்ந்த மலைச்சரிவில்
இங்கிலாந்துக்காரர் வீடு எதுவென்று
கேட்கவே வேண்டாம்.
கூரையில் வெள்ளைத் தட்டு
கிழக்குப் பார்த்து வாய் பிளந்து நிற்கும்.
எங்கள் தட்டுகள் வேறு பக்கம் பார்க்கும்,
ஒரே தெருவில் இரண்டு மதம்போல.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன்:
பழையது கிழடாகிவிட்டது.
புதியதை மேலே அனுப்பிவிட்டார்கள்.
அதே இடம், அதே பாகை.
பார்வைதான் குறுகல்,
தன் தீவை மட்டும் பார்க்கும்.
அதன் காலடித் தடத்துக்கு வெளியே
நிற்கிறோம் நாம்.

"நாம்" என்று சொன்னதை
வேனில் ஏறிய பிறகுதான் கவனித்தேன்.

அவிஸ் ப்ளென்கின் வீட்டுக்கு
இரண்டு மீட்டர் நாற்பது தட்டு.
கழுதையைக் குளிப்பாட்டலாம் அதில்.
நாலு பேர் தூக்கினோம்.
அடியில் கான்கிரீட். குறுக்கே நின்ற
பாதாம் மரத்துக்கு ரம்பம்.
ஆயிரத்து நூறு யூரோ. வாங்கிக்கொண்டேன்.
அந்த வருடம்தான் மகளுக்குப் பல்லில் கம்பி போட்டோம்,
மறைக்க ஒன்றுமில்லை.

வானத்தை வில்லாய் வளைக்கிறவன் இல்லை நான்.
வளைந்த தகரத்தை
வானத்துக்குக் காட்டுகிறவன்.
ஸ்பானரை மயிரிழை திருப்பு, நில்,
இன்னொரு மயிரிழை.
ஜன்னலிலிருந்து அவிஸ் எண்களைக் கூவுவார்:
முப்பத்தொன்று! நாற்பது! ஐயோ, முப்பத்தெட்டு!
கிரிம்ஸ்பி மீன் ஏலத்தில்
கணக்கெழுதியவராம். தொண்டை அப்படியே இருந்தது.

ஐம்பத்திரண்டில் படம் வந்தது.
வானிலை அறிக்கை.
கிரிம்ஸ்பியில் மழை, காற்று, நாலு டிகிரி.
இங்கே எட்டு மாதமாகத் துளி இல்லை.
அவர் சட்டென்று எழுந்து
கொடியில் கிடந்த துணிகளைப் பார்த்தார்.
ஒரு நொடிதான். பிறகு சிரித்தார்.

ஆனால் மாலையானால் கலைந்துவிடும்.
ஆறரைக்கு முகங்கள் சதுரம் சதுரமாக உடையும்,
ஏழுக்குக் குரல் விக்கும்,
எட்டுக்கு நீலத் திரை:
சிக்னல் இல்லை.
மறுநாள் காலை பதினொன்றுக்கு
ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்காரும்,
இரவெல்லாம் ஊர் மேய்ந்த பூனை.

மூன்று முறை போனேன், காசு வாங்காமல்.
எல்.என்.பி. மாற்றினேன்.
கேபிளின் தலையை வெட்டினேன்,
கூடவே என் விரலையும்.
நான்காம் முறை போனபோது இரவு எட்டரை.

திரை நீலம்.
அதன் முன்னால்தான் அவிஸ் உட்கார்ந்திருந்தார்,
போன் ஸ்பீக்கரில், டீ ஆறிக்கொண்டு.
கிரிம்ஸ்பியில் தங்கை எனிட்
தன் டிவி பக்கத்தில் போனை வைத்திருக்கிறாராம்.
குரல்கள் வந்தன, சின்னதாக,
பிஸ்கட் டப்பாவுக்குள் குடியிருப்பவர்கள்போல்.
நடுவே எனிட் குறுக்கிட்டார்:
"கதவைத் திறக்கிறான்.
இல்லை, அந்த டாக்டர் இல்லை, இவன் வேறு.
சட்டையா? பச்சை. அசிங்கமான பச்சை."

"பச்சையா" என்றார் அவிஸ்,
நீலத்தை உற்றுப் பார்த்தபடி.

நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.
பாதி புரியவில்லை.
கொலைகாரன் பல் டாக்டர் என்று நினைத்தேன்.
எனிட்டும் அப்படித்தான் நினைத்திருந்தாராம்.

மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.
வெளியே அந்தப் பெரிய தட்டு
ஏந்திக்கொண்டே நின்றது,
குழிவில் ஒரு பல்லி.
வேனைக் கிளப்பும்போது
ஜன்னல் வழியே அவர் குரல்:
"விளம்பரம் முடிந்ததும் சொல், எனிட்.
நான் கழுவப் போகிறேன் கோப்பையை."