கால் இடம்

ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி.
வாங்கிய கோல் இரண்டு.
அதில் ஒன்று எங்கள் ஏகாம்பரமே
தலையால் முட்டி எனக்குப் பின்னால் அனுப்பியது.

பேரணாம்பட்டில் கல்லூரிக்கு மைதானம் இல்லை.
மலட்டாற்று மணலில் பழகினோம்.
மணலில் ஓடின கால் தரையில் பறக்கும் என்பது
இம்தியாஸின் கணக்கு.
பந்து அடிக்கடி முள்ளுக்குள் போய்
மூச்சை விட்டுவிட்டு வரும்.

நாக்-அவுட்டில் எட்டு இடம்.
வேலூர் நகரத்து முதல் மண்டலத்துக்கு ஏழு.
மிச்சம் ஒன்றை
ஆரணிப் பக்கம், திருப்பத்தூர்ப் பக்கம்,
அரக்கோணம், நாங்கள் என்று
நாலு மண்டலமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.
வகுத்தால் தலைக்குக் கால் இடம்.
பதினோரு பேருக்கு இருபத்திரண்டு கால்.
அத்தனையும் ஊன்றக் கால் இடம்.

அந்தக் காலும் தேர்வுக் குழுவின் கையில்.
காட்பாடி ரோட்டில் ஒரு மாடி அறை,
ஐந்து நாற்காலி, நாலில் ஆள்.
புள்ளிப் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
கோச் தேவஇரக்கமும் நானும் படியேறினோம்.
கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:
"ஜெயிச்சது சரி தம்பி,
யாரை ஜெயிச்சீங்க?"

யாரை எங்களோடு ஆட விட்டீங்க
என்று கேட்டிருக்க வேண்டும்.
அது வாயில் வந்தபோது
பஸ் குடியாத்தம் தாண்டிவிட்டது.

மூன்று வருஷமாகக் கடிதம் போட்டோம்
நட்பு ஆட்டத்துக்கு வாங்க என்று.
ஏழு அணியில் ஒன்றிலிருந்து பதில் வந்தது:
தேதி இல்லை.

பிறகு என்ன மனசு மாறியதோ,
தகுதி ஆட்டம் ஒன்று கொடுத்தார்கள்,
முதல் மண்டலத்தின் எட்டாவது அணியோடு.
புதன்கிழமை, கோட்டை மைதானம்,
காலை ஆறே முக்கால்.
எங்கள் ஊர் முதல் பஸ்
வேலூர் சேரவே ஏழு ஆகும்.

முந்தின இரவே போய்
சைதாப்பேட்டையில் நதீமின் மாமா குடோனில் படுத்தோம்.
சுற்றிலும் அட்டைப்பெட்டி, உள்ளே ஏற்றுமதி ஷூ.
எங்கள் ஊர்த் தோல்
பேர் தெரியாத நாட்டில் நடக்கப் போகிறது.
எங்களில் நாலு பேருக்கு இரவல் பூட்ஸ்.
குப்புராஜ் ஒரு பெட்டியைத் திறந்து முகர்ந்தான்,
மூடி வைத்துவிட்டுத் தூங்கினான்.

புதன்கிழமை ஒன்றுக்குச் சுழி என்று ஜெயித்தோம்.
அகழித் தண்ணீரில் வெயில் ஏறுவதற்குள் முடிந்தது.
பார்த்தவர்கள் வாக்கிங் வந்தவர்கள்,
அப்புறம் ஒரு ஐஸ் வண்டிக்காரர்.

சனிக்கிழமை கால் இறுதி.
பாருங்கள், அங்கேயும் கால்.
மூன்றுக்கு ஒன்று. தோற்றோம்.

மாடி அறைக்காரர் வேலியோரம் நின்று
பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது கேட்டது:
"நான் அப்பவே சொல்லலே?"

அதே மைதானத்தில் அன்று சாயங்காலம்
முதல் மண்டலத்து ஆறாவது அணி
ஏழு கோல் வாங்கியது.
நீங்கள் யாரை ஜெயித்து வந்தீர்கள் என்று
அவர்களை யாரும் கேட்கவில்லை.
அடுத்த வருஷமும் அவர்கள் நாற்காலி
அங்கேயேதான் இருக்கும், துடைத்து வைத்தபடி.

கோப்பையா கேட்டோம்?
தோற்றால் வெறுமனே தோற்றதாக இருக்க வேண்டும்,
மண்டலத்துக்கே தீர்ப்பு எழுதியதாக இல்லாமல்.
அவ்வளவுதான் கேட்டோம்.

அந்த மூன்றாவது கோலைச் சொல்கிறேன்.
வெளியே போகிறது என்று கையை இறக்கினேன்.
போன பந்து திரும்பியது,
மறந்து வைத்த குடையை எடுக்க வந்த ஆள் மாதிரி
கம்பத்தை உரசி உள்ளே போனது.
ஒன்பது ஆட்டத்தில்
அப்படியொரு பந்தை நான் பார்த்ததில்லை.
பார்த்தால்தானே பிடிக்க.

இப்போது தினமும் மலட்டாற்றில்
இம்தியாஸ் அதைத்தான் அடித்துப் பார்க்கிறான்,
இருட்டும் வரைக்கும்.
பத்தில் மூன்று வளைகிறது.
மூன்றில் ஒன்றைப் பிடிக்கிறேன்.